நாலாம் படுக்கையின் நாடி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் மேடம் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நானில்லை என்பது கூப்பிட்டவர்களுக்கே தெரியும். ஓய்வுபெற்ற பிறகு திருச்சானூர் வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் காதில் வாங்குவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. ஆகவே வசதியாக உட்காருங்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள்.

முதல் வாரத்தில் உங்கள் கையில் எதைக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாதனத்தின் கேபிளைப் பிடுங்கினால் கணினி நின்றுபோகிறது, பார்த்துச் சரிசெய் என்பார்கள். சின்ன வேலை என்று நினைத்துத்தான் புதியவர்களிடம் தள்ளுகிறார்கள். வருஷக்கணக்கில் டிரைவர் எழுதிய பிறகும் நான்கூட அப்படித்தான் நினைத்திருந்தேன். சாதனத்துக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசுகிற மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பேர் என்பதை என் மாமியாருக்குக் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. மருமகள் ரேணிகுண்டாவில் டிரைவர் வேலை பார்க்கிறாள் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிவைக்க, லாரியா பஸ்ஸா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

சிரித்தது போதும். இப்போது சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. ஆளே இல்லாத படுக்கையில் ஒரு நாடி ஓடியது. அதை ஓடவைத்தவள் நான்.

நான் கடைசியாக வேலைபார்த்த கம்பெனி ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு போகிற சாலையில் இருந்தது. சின்ன நர்சிங் ஹோம்களுக்கு நாடி பார்க்கும் இயந்திரம் செய்தோம். நோயாளியின் விரலில் ஒரு கிளிப், அதன் ஒயர் போய்ச் சேரும் தீப்பெட்டி அளவுப் பெட்டி, பெட்டியிலிருந்து தலைமாட்டுத் திரைக்கு ஒரு யுஎஸ்பி கேபிள். திரையில் நாடித்துடிப்பும் ரத்தத்தின் ஆக்சிஜனும் எண்களாகத் தெரியும். அடியில் பச்சையாக ஒரு அலை ஓடும். பெட்டி சொல்வதை வாங்கித் திரைக்குக் கொடுக்கும் டிரைவர் முழுக்க என்னுடையது.

இயந்திரம் நல்ல இயந்திரம்தான், ஆனால் வாய் ஜாஸ்தி. கேபிள் கொஞ்சம் அசைந்தாலும் பெட்டியின் இணைப்பு ஒரு நொடி விட்டுப்போய்த் திரும்பி வரும். அந்த ஒரு நொடிக்குள் அலை அறுந்து, எண்கள் அழிந்து, அலாரம் அலறும். நோயாளி புரண்டு படுத்தால் அலறும். போர்வையை உதறினால் அலறும். நர்சுகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியின் ஓட்டைகளில் பஞ்சை அடைத்தார்கள். தினமும் புகார் வந்தது. எங்கள் மேனேஜர் என் மேஜைக்கே வந்து நின்று, "அம்மா, மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

நிறுத்தினேன். எப்படி என்று கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களில் யாராயிருந்தாலும் இதையேதான் செய்திருப்பீர்கள். இணைப்பு அறுந்தால் உடனே அலறாதே, கடைசியாக வந்த ஐந்து நொடி அலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிரு என்று எழுதினேன். ஐந்து நொடிக்குள் பெட்டி திரும்பினால் யாருக்கும் தெரியவேண்டாம். திரும்பாவிட்டால் அலாரம் அடி. திரும்பி வந்த பெட்டிக்கு நாடியைப் புதிதாகக் கண்டுபிடிக்கப் பத்து நொடி பிடிக்கும், அதுவரைக்கும் பழைய அலையே ஓடட்டும். அலையின் வாலும் தலையும் சேருகிற இடம் துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்க, இழைத்து ஒட்டுவதற்கென்று தனியாக ஒரு சின்னப் பகுதி எழுதினேன். அந்த ஒட்டுவேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

சோதனையும் செய்தேன். கை வலிக்கிறவரை கேபிளைப் பிடுங்கினேன், செருகினேன். பிடுங்கி உடனே செருகினால் அலை தொடர்ந்தது. பிடுங்கி அப்படியே விட்டால் ஐந்தாவது நொடியில் அலாரம் அடித்தது. எல்லாம் ஒழுங்கு. புதிய டிரைவர் எல்லா இயந்திரங்களுக்கும் போயிற்று. புகார் நின்றது. மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்து எனக்குக் கைதட்டச் சொன்னார். நானும் வெட்கப்படுவதுபோல் நின்றேன், உள்ளுக்குள் நல்ல சந்தோஷம்.

சில மாதம் கழித்து முனிரத்தினம் என் மேஜைக்கு வந்தார். அவர் எங்கள் சர்வீஸ் ஆள். இயந்திரம் எந்த மூலையில் கெட்டாலும் பைக்கில் போய் நிற்பார். அன்றைக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், நீங்க சிரிக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"சித்தூர் நர்சிங் ஹோம்ல நாலாம் நம்பர் பெட்டு. பெட்ல யாருமே இல்ல மேடம். காலி. கிளிப்பு செவுத்துக் கொக்கியில தொங்கிக்கினு கீது. ஸ்கிரீன்ல நாடி ஓடுது."

"எவ்வளவு காட்டிச்சு?"

"எழுவத்தெட்டு. ஆக்சிஜன் தொண்ணூத்தேழு. எனக்கே அவ்ளோ வராது மேடம்."

"நீ என்ன பண்ணே?"

"கேபிள கையில தூக்கிப் பாத்தேன். கொஞ்ச நேரம் ஓடுச்சு. அப்புறம் சடார்னு அழிஞ்சு அலாரம் கத்துச்சு. வார்டு ஆயாம்மா ஓடியாந்து, ‘ஏய்யா தொட்டே? அது பாட்டுக்கு இருந்துச்சே’ன்னு அழுவுது மேடம். நான் இன்னாத்தச் சொல்றது?"

சிரிக்கக் கூடாது என்றாரே தவிர, கேட்ட எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மனுஷன் வெயிலில் பைக் ஓட்டிப் போய்க் கண் மங்கியிருக்கும் என்றேன். ஆனாலும் அதே மாதிரி இயந்திரம் ஒன்றை எடுத்து வைத்துக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்தாவது நொடியில் அலாரம் அடித்தது. போய் வேலையைப் பாருப்பா என்று அனுப்பிவிட்டேன். முனிரத்தினம் மட்டும் அதன்பிறகு சித்தூர் என்றால் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். சித்தூர் அவருடைய சொந்த ஊர்.

அடுத்து அந்த நர்சிங் ஹோமின் நர்ஸே எனக்கு ஃபோன் செய்தாள். தனலட்சுமி என்று பேர், தனம் என்று கூப்பிடுவார்கள். சித்தூர்ப் பெண், கணீரென்ற குரல்.

"மேடம், அந்த மெஷினுக்குள்ள எழுதறவங்க நீங்கதானாமே? முனிரத்தினம் சொன்னாரு. ஒரு தபா வந்து பாருங்க. மத்தியானம் ஆச்சுன்னா இங்க ஒருத்தரும் நாலாம் நம்பர் பக்கம் போவமாட்டேங்கறாங்க. தொட்டா பூடுது, தொடலேன்னா ஓடுது. பயமேஸ்துந்தி மேடம்."

பயமாக இருக்கிறது என்பதை அவள் தெலுங்கில் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலை திருப்பதியில் பஸ் ஏறினேன்.

நான் வார்டுக்குள் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வெயிலுக்கு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நோயாளிகள் எல்லாரும் தூக்கம். ஒரு ஸ்டாண்ட் ஃபேன் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஒரு இடம் அவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது என்று தோன்றியது.

நாலாம் படுக்கை காலியாக இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் படுத்திருந்தார். மாங்கூழ் ஃபாக்டரியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, முந்தின நாள் ஆபரேஷன் நடந்திருந்தது. வலிக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். அவர் மகள் பார்கவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா நல்லா தூங்கறாரு மேடம்" என்றாள் என்னிடம், கேட்காமலே. "ஸ்கிரீன பாருங்க, எவ்ளோ நல்லா ஓடுது."

எழுபத்திரண்டு. எழுபத்துமூன்று. ஆக்சிஜன் தொண்ணூற்றாறு. பச்சை அலை சீராக ஓடியது. இதில் என்ன பார்க்கவேண்டியிருக்கிறது என்று நினைத்தபோதுதான் கேபிளைக் கவனித்தேன். கேபிள் முழுக்க மஞ்சள் துணி முடிச்சுகள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆபத்து என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்து, நல்லபடியாக ஆனால் மலைக்கு வந்து செலுத்துகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொள்வோம். வீட்டில் சுவாமி படத்துக்கு அடியில் வைப்பதை இங்கே இயந்திரத்தின் கேபிளில் கட்டியிருந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, கொத்தாகத் தொங்கியது.

தனத்தை வாசலுக்கு அழைத்துப்போய், இது என்ன கூத்து என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாகம்மான்னு ஒரு பெரியம்மா மேடம். இந்த பெட்லதான் போச்சு. மூச்சுத் திணறல்னு சேத்தாங்க. ஒரு மத்தியானம் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கைய புடிச்சா, சில்லுனு கீது. போயிருச்சுன்னுட்டாரு. ஸ்கிரீன்ல பாத்தா நாடி ஓடுது! எழுவத்தாறு! அவங்க பையன் குமாரு, ‘எங்கம்மா உசுரு கீது, தொடாதீங்க’ன்னு கைய மடியில வச்சிக்கினு உக்காந்துட்டான். அர மணி நேரம் மேடம். அப்புறம்தான் நின்னுது. நாங்க எல்லாம் நின்னு பாத்துக்கினு இருந்தோம்."

"அப்புறம்?"

"காரியம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு குமாரு வந்து மொத முடிச்ச அதுல கட்னான். எங்கம்மாவ அர மணி நேரம் புடிச்சு வச்ச மெஷினுன்னு. அத கேள்விப்பட்டு இந்த பெட்டுக்கு வர்றவங்க எல்லாம் கட்றாங்க. இந்த பெட்டு சீக்கிரத்துல உசுர வுடாதுன்னு பேரு. அவுக்க யாருக்கு தைரியம் வரும்?"

நான் திரும்ப உள்ளே வந்து படுக்கையின் கால்மாட்டில் நின்றேன். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பியபோது முடிச்சுக் கொத்து மெல்ல ஆடியது. அந்தப் பக்கம் திரும்பியபோது நின்றது. மறுபடி ஆடியது.

அலையைப் பார்த்தேன். மூன்று துடிப்பு ஒழுங்காக வந்தது. நாலாவது சற்று முந்திக்கொண்டு குட்டையாக வந்தது. பிறகு இரண்டு ஒழுங்காக. மறுபடி மூன்று, ஒரு குட்டை, இரண்டு. வயதானவர்களின் நாடி நடுவில் இடறுவது உண்டு, அதில் அதிசயமில்லை. ஆனால் இடறுகிற இதயம் எண்ணிக்கை பார்த்து இடறாது. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்று, ஒரு குட்டை, இரண்டு. மூன்று, ஒரு குட்டை, இரண்டு. ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அலை லேசாக வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. நான் இழைத்து ஒட்டிய ஒட்டு அது.

என் எதிரே ஒரு ஆள் படுத்திருக்கிறார், திரையில் ஓடுவது அவருடைய எப்போதோ முடிந்துபோன ஐந்து நொடி. எப்போது? பத்து நிமிஷம் முன்னாலா? சாப்பாட்டுக்கு முன்னாலா? அவருக்கு இப்போது என்ன ஓடுகிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. மகள் அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"தனம், அவர் கையப் புடிச்சுப் பாரு" என்றேன்.

"இப்பதான மேடம் ஊசி போட்டது. தூங்கட்டும். நல்லாத்தான ஓடுது?"

"ஸ்கிரீனப் பாக்காதே! கையப் புடிடி!"

ஒரு நர்ஸை வாடி போடி என்று கத்துவதற்கு எனக்கு உரிமை கிடையாது. நான் டாக்டரில்லை, அந்த ஊர் ஆள்கூட இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இரண்டுபேர் எழுந்து உட்கார்ந்தார்கள். பார்கவி பயந்துபோய் எழுந்து நின்றாள். என் கணக்கு தப்பாக இருந்தால் எவ்வளவு கேவலம் என்று ஒரு கணம் ஓடியது, பொய் சொல்லமாட்டேன். தனம் என்னை முறைத்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் முகம் மாறியது. குனிந்து உதட்டைப் பார்த்தாள்.

"சன்னமா அடிக்குது மேடம். மூச்சே வரல. டாக்டர்! டாக்டர் காரு!"

டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் ஓட, நான் கேபிளைக் கொத்தோடு தூக்கி அசையாமல் பிடித்துக்கொண்டேன். பத்து நொடி. அதைவிட நீளமான பத்து நொடியை நான் பார்த்ததில்லை. எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று எண்கள் மாறின. நாடி நாற்பத்தொன்று. ஆக்சிஜன் அறுபத்தெட்டு. இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த அலாரம் வார்டு அதிர அலறியது.

வலி ஊசி அவருக்கு அளவுக்கு மீறிப் போய் மூச்சை அமுக்கியிருந்தது. டாக்டர் வந்தார், ஆக்சிஜன் வைத்தார், அந்த மருந்தை முறிக்கும் மாற்று ஊசி போட்டார், கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினார். கால் மணி நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, ஏன் எல்லாரும் சுற்றி நிற்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். பார்கவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்க என்றாள். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நான் நின்றேன்.

மறுநாள் ரேணிகுண்டாவில் என் மேஜையிலேயே அதைச் செய்துபார்த்தேன். கேபிளில் மஞ்சள் துணி முடிச்சுகளைக் கட்டினேன். ஒரு மேஜை ஃபேனை வைத்தேன். என் விரலில் கிளிப்பை மாட்டிச் சற்று நேரம் ஓடவிட்டு, ஃபேனைப் போட்டபின் கிளிப்பைக் கழற்றி மேஜையில் வைத்தேன். முடிச்சுகளின் கனத்தில் இணைப்பு பாதி கழன்று, ஃபேன் காற்றில் மூன்று நொடிக்கு ஒருமுறை விட்டு விட்டுச் சேர்ந்தது. சேரும்போதெல்லாம் என் ஐந்து நொடிக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது, ஆகவே அலாரம் அடிக்கவே இல்லை. சேர்ந்த பெட்டிக்குப் பத்து நொடி அவகாசமும் கிடைக்கவில்லை, ஆகவே புது நாடி வரவே இல்லை. பழையது ஓடியது. மேஜைமேல் வெறும் கிளிப் கிடக்க, திரையில் என் நாடி. எழுபத்தொன்பது, எண்பது. போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான் செத்துப்போனாலும் இது இப்படியே ஓடும் என்று நினைத்ததும் ஃபேனை நிறுத்திவிட்டேன். அருகில் நின்ற முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப சிரிங்க மேடம்" என்றார்.

எங்கே தவறினேன் என்று உங்களுக்குப் புரிகிறதா? சோதனையில் நாம் பிடுங்கினால் முழுசாகப் பிடுங்குகிறோம், செருகினால் முழுசாகச் செருகுகிறோம். வெளியே எதுவும் முழுசாகப் போவதில்லை. போயும் போகாமலும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நடுவை நான் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, சத்தம் போடுகிற இயந்திரத்தைப் பொய் சொல்லுகிற இயந்திரமாக மாற்றிவிட்டு அதற்குக் கைதட்டும் வாங்கிக்கொண்டேன்.

மேனேஜர் கேட்டுவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். "அப்ப காரணம் அந்த முடிச்சுங்கதானே? கேபிள்ல எதையும் கட்டக்கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் அனுப்பிடலாம். ரிப்போர்ட்ல அதையே எழுதிடுங்கம்மா" என்றார். அதிலும் பொய்யில்லை. முடிச்சு இல்லாவிட்டால் அந்த மத்தியானம் அப்படி நடந்திருக்காதுதான். ஆனால் நாகம்மா செத்தபோது கேபிளில் ஒரு முடிச்சுகூடக் கிடையாதே. வெறும் தளர்ந்த கேபிளுக்கே அது நடந்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில், நான் எழுதிய மாற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே எங்கள் இயந்திரம் இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் நானும் முனிரத்தினமும் ஃபோன் செய்தோம். புது டிரைவர் வரும்வரை திரையை நம்பாதீர்கள், கையைப் பிடித்துப் பாருங்கள் என்றோம். மேனேஜர் அதன்பிறகு என்னிடம் சரியாகப் பேசவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை, ஏனென்றால் அதைவிடக் கஷ்டமான ஒன்று பாக்கி இருந்தது.

நாகம்மாவின் மகன் குமாருக்குச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை. முனிரத்தினம் கடையைக் காட்டிவிட்டு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். மெஷின் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் குமார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டார்.

"எங்கம்மாவ அர மணி நேரம் புடிச்சு வச்சீங்களே, அந்த மெஷினா? உக்காருங்க மேடம். டாக்டரு போச்சுன்னுட்டாரு. நான் பாக்கறேன், ஓடிக்கினு கீது. கைய மடியில வச்சிக்கினு எல்லாத்தயும் சொல்லிட்டேன் மேடம். தங்கச்சிகிட்ட மூணு வருசமா பேசாம இருந்தத சொன்னேன். இனிமே பேசறேம்மான்னேன். சொல்லச் சொல்ல நாடி கொஞ்சம் ஏறுச்சு. நானே பாத்தேன்."

ஏறியிருக்கும். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியிருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொழில் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் சொன்னேன். அம்மாவுக்கு மூச்சு குறைந்தபோதே அலாரம் அடித்திருக்கவேண்டும், அடிக்கவிடாமல் செய்தது நான் என்றேன். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியிருந்த டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்த அர மணி நேரம்" என்றார் கடைசியில், "நான் யார் கூட மேடம் பேசிக்கினு இருந்தேன்?"

உங்கள் அம்மாவோடுதான் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஓடியது அந்த அம்மாளின் நாடிதானே, அது பொய்யாகாதே என்று மனசு உடனே சாமர்த்தியம் பேசியது. சொல்லியிருந்தால் அவருக்கும் ஆறுதல், எனக்கும் அங்கிருந்து எழுந்து வர ஒரு வழி. அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் அதையேதான் செய்யப் பார்க்கிறேன். போனதைப் போயிற்று என்று சொல்லாமல், கடைசியாக நன்றாக இருந்ததை எடுத்து ஓட்டிக்காட்டப் பார்க்கிறேன்.

"யார் கூடவும் இல்லப்பா" என்றேன். "உங்கம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க."

"எப்ப?"

"தெரியல. தெரியாமப் போனதுக்குக் காரணம் நான்தான்."

"அது கத்தியிருந்தா எங்கம்மா பொழச்சிருக்குமா?"

"அதுவும் தெரியலப்பா."

கத்துவார், ஸ்டூலைத் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து டியூபை எடுத்து ஓட்டை இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தார். "நீ போ மேடம்" என்றார். அதுவரை நீங்க என்று பேசியவர். நான் எழுந்து வந்தேன். பஸ்ஸில் திருப்பதி வரும்வரை அழுதேன். முனிரத்தினம் பக்கத்து சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மாற்றி எழுதிய டிரைவரில் தந்திரம் எதுவும் கிடையாது. இணைப்பு போனால் அலை அழியும், எண்கள் இருக்கிற இடத்தில் இரண்டு கோடு வரும், அலாரம் அடிக்கும். கேபிள் கழலாமல் இருக்க முனிரத்தினம் ஒரு கவ்வி செய்து மாட்டினார். மஞ்சள் முடிச்சுகளை யாரும் அவிழ்க்கவில்லை. தனம் ஒரு கத்தரிக்கோலால் பழைய கேபிளைக் கொத்தோடு நறுக்கி, ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்தாள். குமாரின் முடிச்சும் அதில்தான் இருக்கிறது, அவர் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

புகார் மறுபடி வர ஆரம்பித்தது. நான் இருந்தவரை நிற்கவில்லை. ஓய்வுபெறுவதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் தனம் ஃபோன் செய்தாள். பின்னால் அலாரம் அலறிக்கொண்டிருந்தது.

"மேடம், உங்க மெஷினு காத்தாலேருந்து கத்திக்கினே கீது. காது போவுது. இன்னாதான் எழுதி வச்சீங்க?"

"எந்த பெட்டு?"

"நாலாம் நம்பருதான். ஆளு நல்லாத்தான் தூங்கறாரு."

"கையப் புடிச்சுப் பாத்தியா?"

ஃபோனை மேஜையில் வைக்கும் சத்தமும் அவள் செருப்புச் சத்தமும் கேட்டன. நான் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் அலாரம் மட்டும் கேட்டது.

"அடிக்குது மேடம்" என்றாள் திரும்பி வந்து. "நல்லா அடிக்குது."